இறக்கத்தில் குனிந்த வாத்தியார்கள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் சாலை மறியல்கள் நடந்த வருடங்களில், நான் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். என் அறையில் கூடத் தங்கியிருந்தவர் அறிவியல் வாத்தியார். நான் ஐம்பது கிலோகூட இருக்க மாட்டேன். அவர் என்னைப்போல் இரண்டு பேர்.

ஒரு மறியலின்போது மூன்று நாளாக மலைக்குப் பஸ் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு சைக்கிளில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினோம்.

வளைவுக்கு வளைவு அவர்தான் முன்னால் போனார். பெடலே மிதிக்காமல் போனார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பாரம் சார், பாரம்! வெயிட்டு ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"வெயிட்டு இல்ல சார். நெஞ்சுல காத்து மோதுது பாருங்க, அதான் நம்மள நிறுத்துது. குனிஞ்சி ஒக்காந்தா நானும் வருவன்" என்றேன்.

கடைசி வளைவு தாண்டியதும் ரோடு நேராகச் சரிந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும். அங்கே நான் குனிந்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முகவாயை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டேன். அவரைத் தாண்டினேன். அந்தச் சந்தோஷத்தில் முன்சக்கரத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

"யோவ்! மரம்! மரம்!" என்று பல குரல்கள் கேட்டன.

நிமிர்ந்தேன். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு முழுப் புளியமரம் கிடந்தது. பிரேக்கைப் பிடித்தால், வளைவுகளில் தேய்ந்துபோன கட்டை கீச்சென்று கத்தியதே தவிர, பிடிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் நெஞ்சை நிமிர்த்தி, முழங்கை முழங்கால் எல்லாவற்றையும் அகலமாக விரித்தேன். சட்டை பலூன்போல உப்பியது. வேகம் குறைந்து, முன்சக்கரம் புளிய இலைக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

மரத்துக்கு அந்தப் பக்கம் மறியல்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வண்டியே வராத ரோட்டை மறித்து அலுத்துப்போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர், நாற்பது வயதுக் கரும்பு விவசாயி, எழுந்து வந்தார். மற்றவர்கள் அவரைத் தலைவர் என்றார்கள்.

"இன்னா சார், தவள மாதிரி குந்திக்கினு வந்தீங்க. அப்புறம் கோழி மாதிரி றெக்கைய விரிச்சீங்க?"

அதற்குள் அறிவியல் வாத்தியாரும் வந்து சேர்ந்தார். இருவரும் எங்கள் வழக்கைச் சொன்னோம். தலைவர் யோசித்தார்.

"மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போறமே, அந்த லோடு வண்டிய எறக்கத்துல மாட்டால நிறுத்த முடியாது. வெறும் வண்டி சொன்னபடி நிக்கும். குண்டு சார் சொல்றதுதான் சரி."

"இல்ல மாமா, குனிஞ்ச சாரு இன்னா வேகமா வந்தாரு, நீ பாக்கல?" என்றான் அவருடைய அக்கா மகன்.

மறியல் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. என் சைக்கிளிலேயே இருவரும் ஓட்ட வேண்டும். மேலே இருக்கிற பாறையில் ஆரம்பிக்க வேண்டும். மிதிக்கக் கூடாது, பிரேக் பிடிக்கக் கூடாது. நின்ற இடத்தில் ஒரு புளியங்கொத்து வைக்கப்படும். அதற்காக மரத்தை நகர்த்தினார்கள். முந்தாநாள் ஜீப்பில் வந்த அதிகாரி எவ்வளவோ கெஞ்சியும் அசையாத மரம் அது.

நான் முதலில் நிமிர்ந்து ஓட்டினேன். பனைமரத்தடியில் சைக்கிள் நின்றது. அடுத்துக் குனிந்து ஓட்டினேன். பனைமரத்தைத் தாண்டி முப்பது அடி போனது. என் கட்சி விசில் அடித்தது. அறிவியல் வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்தார். என் இரண்டாவது கொத்தை எட்ட ஒரு கை நீளம் இருக்கும்போதே நின்றுவிட்டார்.

"நிமிந்தே இவ்ளோ தூரம்னா, குனிஞ்சா?" என்றார் தலைவர்.

அறிவியல் வாத்தியாரால் குனிய முடியவில்லை. நடுவில் தொப்பை இருந்தது. நான் ஜெயித்ததாக அறிவிக்கப் போகிற நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சீட்டின்மேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, இரண்டு காலையும் கேரியருக்கு மேலே பின்னால் நீட்டிக்கொண்டார். இரண்டு பேர் பிடித்து நிறுத்தி, "வுடலாமா சார்?" என்று கேட்டுக் கையை விட்டார்கள்.

அவர் எங்களைக் கடந்து போனதை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மூட்டை பறந்து போனது மாதிரி இருந்தது. பனைமரம், ஒரு கொத்து, இரண்டாவது கொத்து, மூன்றாவது கொத்து எல்லாம் பின்னால் போயின. நிற்கவே இல்லை. "கால ஊனுங்க சார்!" என்று எல்லோரும் கத்தினோம். ஊன்றுவதற்குக் கால் கீழே இருந்தால்தானே! ரோடு இடப்பக்கம் திரும்பியது. அவர் திரும்பவில்லை. கரும்புக் கொல்லை திறந்து அவரை உள்ளே வாங்கி மூடிக்கொண்டது.

ஓடினோம். கரும்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வண்டி நின்ன எடத்துல கொத்து வைங்க! வெளிய வெச்சி ஏமாத்தாதீங்க!"

முகமெல்லாம் கரும்புச் சோகை கீறி, ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தார். என் சைக்கிளின் முன்சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. முறிந்த கரும்புக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று விசாரித்தேன்.

"என் கொல்லதான் சார், வுடுங்க" என்றார் தலைவர். "புள்ளைங்களுக்குப் படிப்புல, வேலையில எடம் கேட்டுதான் இங்க குந்திக்கினு கெடக்கறோம். வாத்தியாருங்க மேல கோவப்படுவமா?"

அவரே மாட்டுவண்டி பூட்டச் சொல்லி, எங்களையும் இரண்டு சைக்கிளையும் ஏற்றி அனுப்பினார். எங்களுக்குப் பின்னால் மரத்தை மறுபடி குறுக்கே போட்டார்கள். வழி முழுக்க அறிவியல் வாத்தியார் பாரம் என்றார், நான் காற்று என்றேன்.

கச்சிராயபாளையத்தில் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், பஸ்ஸா, லாரியா? ரெண்டும்தான் ஓடலியே?"

"விஞ்ஞானம்" என்றார் அறிவியல் வாத்தியார்.

கடைக்காரர் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.