எக்ஸ்ரே அக்கா வேலையை விட்ட கதை

தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. புறம் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுத்தார்கள். மருந்து பாட்டில் செய்கிற ஆலை அது. சூடு ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். பெல்ட்டுக்குப் பின்னால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கு, முன்னால் முக்காலியில் அவள். கழுத்தில் மயிரிழை விரிசலோ, அடியில் கொப்புளமோ, கடுகளவு கல்லோ இருந்தால் போதும், அந்தப் பாட்டில் அவளைத் தாண்டாது. கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடும். சலங்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடைந்தது திரும்பவும் உலைக்குப் போகும். பதினான்கு வருடம் இப்படி.

இருபது நிமிடம் பாட்டில் பார்த்தால் அடுத்த இருபது நிமிடம் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண் தாங்காது என்பது ஆலையின் விதி. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அப்பாடா என்று பெட்டிப் பக்கம் ஓடுவார்கள். இவள் பெட்டி ஒட்டிக்கொண்டே, "அதோ, அதோ போகுது பாரு, பிடி!" என்று அங்கிருந்தே கத்துவாள். எக்ஸ்ரே அக்கா என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு?

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆலையே மூக்கில் விரலை வைத்தது.

காரணம் அவள் பிள்ளைகள் இரண்டில் சின்னவள். எட்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வருடம் மூன்று சீட்டு வந்துவிட்டது: 'பரீட்சைத் தாளில் எதுவுமே எழுதுவதில்லை.' மூன்று தடவையும் அம்மா திட்டினாள், கெஞ்சினாள், கேட்டுப் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அந்த டீச்சரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். எழுதினவர்கள் தாளைத் திருத்தவே அவருக்குப் பொழுது போதாது, எழுதாதவளை எங்கே போய்த் தேடுவார்?

ஒரு விடுமுறை நாள் காலை. சமையலறை மேஜையில் சின்னவளின் கணக்கு நோட்டு கிடந்தது. தேநீரை ஆற்றிக்கொண்டே அம்மா புரட்டினாள். பக்கம் பக்கமாக வெறும் தாள். ஆனால் தாள் புதுத் தாள் மாதிரி இல்லை. பஞ்சு பஞ்சாக மேலெழும்பியிருந்தது. ஓரிடத்தில் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. வேறு யாராவது என்றால் மூடி வைத்திருப்பார்கள். இவள் பழக்கதோஷம், நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள்.

எழுத்து தெரிந்தது! பென்சில் அழுத்திய தடம். கரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை. ஆயிரத்தில் முந்நூற்று எண்பத்தேழைக் கழிக்கச் சொல்லிக் கேள்வி. பிள்ளை ஆயிரத்தை எழுதவில்லை; தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி அதில் கழித்திருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. ஓரத்தில் ஒரு குட்டிக் கட்டம், அதற்குள் ஒன்று. கடைசியில் விடை அறுநூற்றுப் பதின்மூன்று. எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது.

"இப்படிப் பண்ண யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல."

"இந்த ஒண்ணு எதுக்குத் தனியா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "ஆயிரத்துல ஒரே சைபரா இருக்கு. கழிக்கக் கஷ்டம். அதான் ஒண்ணை எடுத்துப் பத்திரமா வச்சுட்டேன். கழிச்சு முடிச்சதும் திருப்பிக் குடுத்துட்டேன்."

"சரியாத்தானே இருக்கு! அப்புறம் ஏன் அழிச்சே?"

"தப்பா இருந்தா சிவப்பு போடுவாங்க. எழுதலேன்னா ஒண்ணும் போட மாட்டாங்க."

அம்மா அன்றைக்கு அந்த நோட்டின் ஒரு பக்கம் விடாமல் ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. சரியான விடைகள் இருந்தன, தப்பும் நிறைய இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிஞ்சு தானே ஒரு வழி போட்டுக்கொண்டு நடந்திருக்கிறது, நடந்த சுவடே தெரியாமல் அழித்தும் இருக்கிறது. தன் வீட்டுக்குள், தன் கண்ணெதிரே, இத்தனை நாளாக இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் எழுதி அழிக்கிற பிள்ளை நினைப்பதையே நிறுத்திவிடும். அதுதான் அவள் பயம்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மதியம் வேலை முடிந்து வந்து ஒரு வாய் சாப்பிடுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"நீ வேலைய விட்டுட்டு வீட்ல ஸ்கூல் நடத்தப் போறியா?"

"ஒரே ஒருத்திக்குத்தாங்க."

"கணக்குல நீ எத்தனை வாங்கினேன்னு எனக்குத் தெரியும்மா. மறந்துட்டேன்னு நினைக்காதே."

"தெரியாததை அவகூட உட்கார்ந்து நானும் படிச்சுக்கறேன். முதல்ல இதைப் பாருங்க."

நோட்டை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவர் கையைக் கழுவாமலேயே வெகுநேரம் பார்த்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான்," என்று ஆரம்பித்தவர், குனிந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஆனா இது நிஜமாவே பொன்னு போலிருக்கே," என்று முடித்தார். "சரி. வீட்டு வண்டிய நான் ஒருத்தனே ஓட்டறேன். நீ மட்டும் நடுவழில இறங்கிடாதே."

ஆலையில் சூப்பர்வைசர் விடவில்லை. "பிள்ளைங்களுக்குப் பாடம் யார் வேணா சொல்லித் தரலாம்மா. உன் கண்ணு யாருக்கு வரும்?" என்றார். என்ன பேச்சு பாருங்கள்! பாட்டிலுக்கு ஆள் கிடைக்காதாம், பிள்ளைக்குக் கிடைக்குமாம். நாத்தனார் ஃபோனில் அழைத்து, "அண்ணி, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப் போச்சா?" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பன்னிரண்டு வயதுப் பெரியவன் மட்டும் ஒரே கேள்வி கேட்டான்: "அவ வீட்ல இருப்பா, நான் மட்டும் பையைத் தூக்கிக்கிட்டுப் போகணுமா?" நியாயம்தானே. அவனையும் நிறுத்தியாயிற்று.

வீட்டிலேயே படிக்கவைக்க அனுமதி கேட்டுக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தபோது அங்கிருந்த அதிகாரி சீட்டுகள் மூன்றையும் படித்துவிட்டுச் சொன்னார்: "ஆறு மாசம் தர்றேன். அப்புறம் நேர்ல வந்து பரீட்சைத் தாள் குடுப்பேன். பையனைப் பத்திக் கவலை இல்ல. சின்னவ வெறும் தாளைக் குடுத்தான்னா மறுநாளே ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிடணும்."

பாடம் தொடங்கியது. காலை ஏழு மணிக்குச் சமையலறை மேஜை. இருபது நிமிடம் கணக்கு, இருபது நிமிடம் எழுந்து வேறு வேலை, மறுபடி இருபது நிமிடம் வாசிப்பு. ஆலையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதுவரை சரி, பிள்ளைகளுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் கண்ணையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே! சின்னவள் ஒரு எண்ணை எழுதி அடுத்ததற்குப் பென்சிலை நகர்த்துவதற்குள், "இல்ல," என்பாள் அம்மா. அதட்டல் கிடையாது, சிவப்பு மை கிடையாது. மெதுவாக, அன்பாக, ஒரே ஒரு 'இல்ல'. சில நேரம் அதுவும் இல்லை. கை போய்த் தாளின் மூலையைப் பிடித்துவிடும். எந்தத் தாய்க்கும் பிள்ளையின் தப்பு கண்ணில் படும்தான். ஆனால் தப்பு பிறக்கும் முன்பே பிடிக்கிற தாயை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

மூன்றாவது வாரம் சின்னவளின் தாள் மறுபடி வெறுமையாகிவிட்டது.

அம்மா பதறிப்போனாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதும் பிள்ளை எழுதவில்லை. "அம்மா, நீ வாயை மூடினா உன் புருவம் பேசுது," என்றான் பெரியவன். புருவத்தைச் சுருக்காமல் இருந்து பார்த்தாள்; மூச்சு காட்டிக்கொடுத்தது. பதினான்கு வருடப் பழக்கம் ராஜினாமாக் கடிதத்தோடு போய்விடுமா என்ன? அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு தடவைதான் சிவப்பு. இங்கே நிமிடத்துக்கு ஒரு தடவை நானே சிவப்பாக உட்கார்ந்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்ணைப் பிடுங்கியா எறிய முடியும்? முதுகைத் திருப்பலாம் அல்லவா? மறுநாள் காலை அதைத்தான் செய்தாள். தரையில் பாயை விரித்துச் சின்னவளை உட்காரவைத்து, அவள் முதுகோடு தன் முதுகை ஒட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நான் பார்க்கவே மாட்டேன். நீ வேணும்னா வாய்விட்டுச் சொல்லு, கேட்டுக்கறேன். சொல்லாட்டியும் பரவாயில்ல."

முதல் நாள் ஒரு சத்தமும் இல்லை. அம்மா துணி மடித்தாள். இரண்டாம் நாள் பெரியவனின் பைக்கு ஜிப் தைக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் முதுகுக்குப் பின்னால் சின்னவள் காகிதத்தைப் பாதியாக வெட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பாதியையும் பாதியாக, அதையும் பாதியாக. கத்தரிக்கோல் வெகுநேரம் ஓடியது. பிறகு முதுகு சட்டென்று நிமிர்ந்தது.

"அம்மா."

"ம்."

"பாதியில பாதி, அதுல பாதின்னு வெட்டிக்கிட்டே போனா, கடைசில ஒண்ணுமே இல்லாமப் போகும்னு நினைச்சேன். போகாது அம்மா. எவ்வளவு வெட்டினாலும் வெட்டறதுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துகிட்டே இருக்கும். கத்தரிக்கோலுக்குத்தான் முடியல. காகிதம் தீரல."

அம்மாவின் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. "அப்படியா! எனக்குத் தெரியாதே," என்றாள். நிஜமாகவே தெரியாது. பிள்ளையின் முதுகெலும்பு தன் முதுகில் சூடாக அழுந்திக்கொண்டிருக்க, எட்டு வயதுத் தலைக்குள் முடிவே இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்து அவளுக்குக் கையெல்லாம் புல்லரித்தது. நிலாவில் கால் வைத்தவர்களைப் பார்த்து உலகம் வாயைப் பிளந்ததாம். நம் எக்ஸ்ரே அக்கா கிழிந்த பாயில் உட்கார்ந்து வாயைப் பிளந்தாள்.

அதன்பிறகு தினமும் முதுகுப் பள்ளிக்கூடம்தான். யோசனை வருவது முதுகில் முதலில் தெரியும் என்று அவள் கற்றுக்கொண்டாள். முதலில் ஒரு சின்ன மூச்சு, பிறகு ஒரு நிமிர்வு, அப்புறம்தான் பேச்சு. தப்பான வழியில் போகிறாள் என்று காதில் விழும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். பத்துக்கு எட்டுத் தடவை பிள்ளை தானே திரும்பி வந்துவிடும். மீதி இரண்டு தடவை மறுநாள் வரும். ஆனால் தாளில் என்ன எழுதுகிறாள், எழுதுகிறாளா, அழிக்கிறாளா என்று அம்மாவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, எடுத்துப் பார்க்கவும் இல்லை. அந்தக் கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பட்டினி என்று எனக்கும் உங்களுக்கும் புரியாது.

ஆறு மாதம் முடிந்து அதிகாரி வந்தார். வெயிலில் வந்தவர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். பெரியவன் தன் தாளை அரை மணியில் எழுதிக் கொடுத்துவிட்டான். சின்னவளுக்கு நான்கு கேள்வி. அவள் மேஜையில் உட்கார, அம்மா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, என்மேல கோவமா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், எங்க ஸ்கூல்ல டீச்சர் இப்படித்தான் உட்காருவாங்க," என்றான் பெரியவன்.

பென்சில் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கேள்விக்கு ஏதோ சுருக்கமாக எழுதும் சத்தம். அதிகாரி எட்டிப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பா, இந்த நாலாவதுல..."

"இருங்க சார். சொல்லாதீங்க."

அம்மாவுக்குத் தப்பு என்று புரிந்துவிட்டது. என்ன தப்பென்று தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பிள்ளை எப்போதும் தாளை வெறுமையாக்கும். திரும்பிவிடலாமா என்று கழுத்து துடித்தது. சுவரில் ஒரு சுண்ணாம்புக் கீறலையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது.

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு போகணும்மா," என்றார் அதிகாரி.

"போயிட்டு வாங்க சார். நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் சின்னவள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார், போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, முதுகுக்குப் பின்னால் அந்தச் சின்ன மூச்சு கேட்டது.

"ரெண்டு பேர் ஆறு நாள்ல சுவருக்குப் பெயின்ட் அடிச்சா, மூணு பேருக்கு எத்தனை நாள்னு கேட்டிருக்கீங்க. ஒன்பதுன்னு எழுதிட்டேன். ஆனா ஆள் கூடினா நாள் எப்படி சார் கூடும்? உட்கார்ந்து அரட்டை அடிச்சாத்தான் கூடும். அதனால சுவரைத் துண்டு துண்டாப் பிரிச்சேன். ஒருத்தர் ஒரு நாள்ல அடிக்கிறது ஒரு துண்டு. ரெண்டு பேர், ஆறு நாள், பன்னெண்டு துண்டு. மூணு பேர் வந்தா ஒரு நாளைக்கு மூணு துண்டு முடியும். அப்போ நாலு நாள்."

"நாலேதான்," என்றார் அதிகாரி. "அந்த ஒன்பதை மட்டும் அழிச்சிட்டுக் குடு பாப்பா. தாள் சுத்தமா இருக்கட்டும்."

"வேண்டாம் சார். அது இல்லேன்னா இது வந்திருக்காது."

அம்மா திரும்பினாள். பெற்ற பிள்ளைதான், எட்டு வருடமாகக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட பிள்ளைதான். ஆனாலும் அவள் முன்னால் தான் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று அந்தத் தாய்க்குத் தோன்றியது. கண்ணில் நீர் வழிய, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவரும் எழுந்து நின்றார்.