ஓசோன் தண்ணீரில் பத்துக் கெண்டைக் குஞ்சுகள்: நீடாமங்கலம் பக்கம் ஒரு காலை

“சுத்திகரித்தாலும் சாக்கடை சாக்கடைதான், அதில் மீன் பிழைக்காது” என்று போன மாதம் இந்த வலைப்பதிவில் பெரிய மேதாவிபோல எழுதியிருந்தேன். செல்வி என்பவர் கீழே ஒரே வரியில் பதில் போட்டார்: “என் குளத்தை வந்து பாத்துட்டு எழுதுங்க.” எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் காலை 6.10க்குப் பேருந்து. நீடாமங்கலம் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 27 ரூபாய். அங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ 120 ரூபாய். “சாக்கடைக் குளத்துக்கா? அந்த மீனை யாரு சார் திம்பா?” என்றார் ஓட்டுநர். நானும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தேன் என்பதால் அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செல்விக்கு நாற்பது வயதிருக்கும். அவர் மாமனார் இதே ஊர்ப் பண்ணையில் கூலி உயர்வு கேட்டு அடி வாங்கியவர். அந்தக் குடும்பத்தின் பெயரில் வந்த முதல் குத்தகை இந்த ஊராட்சிக் குளம்தான். பக்கத்து நகரத்துக் கழிவுநீரை நிலையத்தில் சுத்திகரித்து, ஓசோன் வாயு செலுத்திக் கிருமி நீக்கி, குளத்தங்கரைத் தொட்டிக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஆறு வறண்டாலும் இது வரும்.

முதல் முறை விட்ட குஞ்சுகள் அத்தனையும் செத்து மிதந்தன. ஏன் என்று கேட்டேன்.

“ஆத்துல நம்ம முறைத் தண்ணி வந்தா நிக்க விடாம மடையைத் திறக்கறதுதானே நம்ம பழக்கம்? அப்படியே திறந்துட்டேங்க. ஓசோன் மிச்சமிருந்தா செவுளை அரிச்சிடும், ஒரு நாள் தொட்டியில கிடக்கட்டும்னு நிலையத்துக்காரங்க சொல்லியிருந்தாங்க. நான்தான் காதுல வாங்கலை.”

“இந்தத் தடவையும் செத்துட்டா?”

“குத்தகை வேற ஆளுக்குப் போயிடும்.”

குளத்தில் புதுக் குஞ்சுகள் இருந்தன. இம்முறை ஒரு நாள் தேங்கவிட்ட தொட்டி நீரில், வலைக்கூண்டுக்குள் பத்துக் கெண்டைக் குஞ்சுகளைச் சோதனைக்காக முந்தின நாளே விட்டிருந்தார். கூண்டை மெல்லத் தூக்கினார். பத்தும் துள்ளின. ஒன்றின் செவுளை விரித்துக் காட்டினார், நல்ல சிவப்பு. பிறகுதான் மடையைத் திறந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன மாதம் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு நாள் பிழைத்ததால் எல்லாம் முடிந்துவிடவில்லை. மீன் வளர இன்னும் மாதங்கள் ஆகும். போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போங்கள், அதற்குமேல் அவருக்கு வயல் வேலை. கரை வழுக்கும், நல்ல செருப்பு வேண்டும். மீன் விலைக்குக் கேட்காதீர்கள். சாப்பிடலாம் என்று ஆய்வகச் சான்று வந்தாலும், முதல் மீனைத் தன் பிள்ளைகளுக்குக் குழம்பு வைத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வீட்டுக்கு விற்பாராம்.