பதினோரு காலண்டர் தாள்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் பதினொன்று, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா அவற்றைத் துணிப்பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தார். திருவண்ணாமலையில் ஒரு கண் மருத்துவமனையில் கண் பரிசோதகராக நான் சேர்ந்த முதல் வருடம் அது.

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவருடைய குழந்தைக்கு அன்று இருபத்தாறு நாள். கண்ணில் பீளை கட்டுகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து பார்வையே போய்விடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று அறிய என்னிடம் ஒரு படிவம் இருந்தது: எத்தனை வாரத்தில் பிறந்தது, என்ன எடை, ஆக்சிஜன் எத்தனை நாள், ரத்தம் ஏற்றினார்களா, கிருமித் தொற்று வந்ததா, எடை ஒழுங்காக ஏறியதா. பட்டியல் என்றால் எனக்கு ஒரு நிம்மதி. பிரசவம் நடந்த ஊரின் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து நிரப்பினேன். வாரமும் எடையும் எல்லைக்குச் சற்று மேலேதான். ஆக்சிஜன், ரத்தம் என்ற இரண்டு இடங்களும் சீட்டில் காலி. இரண்டிலும் "இல்லை" என்று எழுதினேன்.

பீளைக்குச் சொட்டு மருந்து ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. விழித்திரையைப் பார்க்கத் தேவையில்லை என்று சொன்னேன். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்குச் சாலையை அடைப்பதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று, வேன் ஓட்டுபவரான குழந்தையின் அப்பா சாவியோடு எழுந்துவிட்டார். அம்மா எழவில்லை.

"மூக்குல குழாய் வெச்சிருந்தாங்களே மேடம், அத எழுதலீங்களா?"

எத்தனை நாள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கட்டு வெளியே வந்தது.

"நல்ல நேரம் பாக்கவா இத்தனையும் கட்டிக்கினு வந்த?" என்று அப்பா சிரித்தார்.

"நீ சும்மா இருய்யா. உன்னக் கேட்டா ரெண்டு நாள்னு சொல்லுவ."

பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அம்மாவை உள்ளே விட்டிருக்கிறார்கள். குழாய் இருந்த ஒவ்வொரு நாளும், வார்டில் கிழித்த தாளைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எடையை எழுதியிருக்கிறார். பதினோரு நாளும் எடை ஏறவில்லை. இரண்டு தாள்களில் "ரத்தம்" என்றும் இருந்தது. நான் எழுதிய இரண்டு "இல்லை"களையும் அடித்துவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தவர், "நாளைக்கே லேசர் பண்ணணும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். அப்பா சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "ரோட்ட அடைச்சா அடைக்கட்டுங்க. இருக்கோம்."

அந்த அம்மா இன்றுவரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. காலியிடம் என்றால் யாரும் எழுதவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நடக்கவில்லை என்று அல்ல. இப்போது எங்கள் படிவத்தில் "தெரியவில்லை" என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி விழுந்தால் டாக்டர் பார்க்காமல் அனுப்புவதில்லை.

பையனுக்கு இப்போது நான்கு வயது. கண்ணாடி போட்டிருக்கிறான். போன வாரம் அம்மாவோடு வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தபோது, என் அறைக் காலண்டரில் முந்தின நாள் தாள் அப்படியே இருந்தது. அவனைக் கிழிக்கச் சொன்னேன். கை நீட்டியவன் நின்றுவிட்டான்.

"இருங்கக்கா, எறும்பு போவுது."

என்னால் கிட்டப் போய்த்தான் பார்க்க முடிந்தது. அது ஓரத்தைத் தாண்டும்வரை மூவரும் காத்திருந்தோம். பிறகு கிழித்து அம்மாவிடம் கொடுத்தான். அவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டார்.