நாற்பதாம் நாள் கோதுமை

மகன் வால்கோ இறந்த நாற்பதாம் நாள், ஸ்டமேனா கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் தூவி, கிண்ணத்தோடு தெருவில் இறங்கினாள். அந்தப் பல்கேரிய ஊர் வழக்கப்படி, வாங்கித் தின்பவர்கள் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். செத்தவனுக்கு அதுதான் வழித்துணை. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாசல் வாசலாக நின்றாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? குடித்துவிட்டுக் காரை ஓட்டியவன் தான் மட்டுமா செத்தான்? கடைக்காரி டோன்காவின் மகள் ரலிட்சாவையும் அல்லவா கொண்டுபோனான்! அவளுக்கும் அன்றுதான் நாற்பதாம் நாள். ஊரே டோன்கா வீட்டில் நின்றது. ஸ்டமேனாவும் பெற்றவள்தானே என்று நினைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்திருந்த டச்சுக்காரன் கெர்ரிட்டுக்கு மட்டும் இந்தக் கதை தெரியாது. ரொட்டி, தண்ணீர், வணக்கம், நன்றி. அவனுடைய பல்கேரியப் பேச்சு அத்தோடு சரி. ஆளைக் கண்டால் அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவான். கோதுமையை வாங்கி வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "நன்றி! நன்றி!" என்றான்.

ஸ்டமேனாவுக்குச் சுருக்கென்றது.

"இதுக்கு நன்றி சொல்லக் கூடாதுய்யா. கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லு."

"கடவுள்... மன்னி...?"

"மன்னிக்கட்டும். இன்னொருக்கா சொல்லு."

பாடம் நடக்கிறது என்று நினைத்து, சிரித்த முகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னான் மனுஷன். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழவும், தான் சொன்னது அத்தனை மோசமா என்று திருதிருவென விழித்தான். அர்த்தத்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் இவனும் வாயை மூடிக்கொள்வானோ என்று பயம்.

மறுநாள் கடையில் டோன்கா ரொட்டியை எடுத்து நீட்டினாள். தின்னக் கொடுத்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் போல என்று எண்ணி, "கடவுள் மன்னிக்கட்டும்!" என்றான் கெர்ரிட், பெருமையாக.

டோன்காவின் கை அப்படியே நின்றது. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஸ்டமேனா. கோதுமை. நன்றி இல்லை!"

கடையைப் போட்டது போட்டபடி டோன்கா கிளம்பினாள். வாசலில் அவளைப் பார்த்ததும் ஸ்டமேனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிக்க வந்தியா? அடிச்சுக்கோம்மா."

"மிச்சம் இருக்கா, அக்கா?"

கிண்ணம் வந்தது. டோன்கா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். ஸ்டமேனா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"முடியலக்கா. நேத்து வந்த வெளியூர்க்காரன் சட்டுனு சொல்லிட்டான். பொறந்ததுலேர்ந்து பேசுற பேச்சு, எனக்கு வர மாட்டேங்குது."

"வேணாம்டி. ரலிட்சாவுக்கு நான் தினமும் சொல்றேன். வீட்டுக்குள்ள, யாரு காதுலயும் விழாம."

டோன்கா வெடித்து அழுதாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த கடைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு மாசம் ஆனதும் திரும்பவும் இதைச் செய்வல்ல? எனக்கும் கொண்டா. அப்பவாவது வருதான்னு பாக்குறேன்."

படியிறங்கிக் கடைக்குத் திரும்பிப் போனாள்.