வெள்ளிக்கிழமைக் கொத்து

மகள் கம்பஸில் படிக்கிறாள். மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்பதை அவளுக்கு ஃபோன்தான் சொல்கிறது. நட்சத்திரம் குறைந்த கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாளாம். போன கிழமை அவளைப் பார்க்கப் பேராதனைக்குப் போனேன். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கொத்து ரொட்டி போடும் வாசனை மூக்கைத் துளைத்தது. எனக்கு எச்சில் ஊறியது. அவளோ ஃபோனை எடுத்தாள்.

நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? நான் அதே கம்பஸில் படித்த காலத்தில் விடுதி அறையில் மூன்று பேர். மடவளை பஸ்மினாவுக்கு ஹலால் கடையாக இருக்கவேண்டும். கிளாஸ் கழுவும் வாளியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்காருவாள். யாழ்ப்பாணத்துச் சுகந்திக்கு உறைப்பு வேண்டும். வெள்ளியென்றால் மரக்கறி மட்டும். நோயாளி அம்மாவுக்காக அவள் வைத்த நேர்த்தி அது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன எனக்கு ஒரே கொள்கை: கேட்கக் கேட்கக் குழம்பு ஊற்றவேண்டும். மூன்றுக்கும் பொருந்துகிற கடையைக் கண்டுபிடிப்பதற்குள் பசியே செத்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கண்டி டவுன் சைவக் கடைக்குப் போவோம். ஒரு வெள்ளி மழை விட்டபாடில்லை. சந்திக் கொத்துக் கடைக்கே போகலாம், நான் பொறுப்பு என்று சுகந்தியையும் பஸ்மினாவையும் இழுத்துப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, பொறுப்பாகத்தான் இருந்தேன். பக்கத்திலேயே நின்று கல்லைச் சுரண்டிக் கழுவவைத்தேன். முட்டை வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன். கரட்டும் லீக்ஸும் விழுவதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாம் முடிந்ததும், பழக்கதோஷம், கடைக்காரரிடம் "நானா, குழம்பு கூட ஊத்துங்க" என்றேன்.

சுகந்தி ருசித்துச் சாப்பிட்டாள். இன்றைக்குத்தான் உறைப்பு சரி என்று எனக்குப் பாராட்டு வேறு. பாதியில் பஸ்மினா மேசைக்குக் கீழே என் கையில் எதையோ வைத்து அழுத்தினாள். சின்னக் கோழி எலும்பு. கொத்து மரக்கறிதான்; குழம்பு கோழிக் குழம்பு. அந்தக் கடையில் எந்தக் கொத்துக்கும் அதுதான் என்பது நாக்குக்கு எப்போதோ தெரியும், பாழாய்ப்போன மூளைக்குத்தான் எட்டவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை, சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"உன்னை நம்பித்தானே சாப்பிட்டனான்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு வெள்ளிகளில் பாணும் வாழைப்பழமுமாக அறையிலேயே இருந்துவிட்டாள். நான் சந்தியிலிருந்து கண்டி வரை கடை கடையாகக் குழம்புச் சட்டியை மோந்து திரிந்தேன். ஒரு முதலாளி என்னைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துத் தேத்தண்ணி தந்து உபசரித்தார். நானும் மறுக்கவில்லை. இப்படியே மாதம் ஒன்று போனது. பிறகு ஒரு வெள்ளி, சுகந்தி குடையோடு என் கட்டிலருகே வந்து நின்றாள்.

"வா. எந்தக் கடை எண்டு நீயே சொல்லு."

பஸ்மினா சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுகந்தியின் அம்மா தேறி, அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். சுகந்தி இப்போது கனடாவில். எங்கள் பழைய கொத்துக் கடை இருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். சாப்பாட்டுக் கடைக்கு இன்றைக்கும் பஞ்சமில்லை. நான் சொன்னால் போதும் என்று எடுத்து வாயில் வைக்கத்தான் ஆளில்லை.