அனுமதி கொடுத்தவள்

ஆஸ்பத்திரி வார்டில் அவளுக்கு ஓட்டக்காரி என்று பேர். நோயாளி தலைமாட்டு மணியை அழுத்தினால், மற்ற ஆயாக்கள் காபி டம்ளரைக் கீழே வைத்து முந்தானையைச் சரிசெய்து எழுவதற்குள் இவள் கட்டிலருகே நிற்பாள். அடித்த மணியை அலட்சியம் செய்யக் கூடாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்காகக் கூப்பிட்டிருக்கலாம், மூச்சு முட்டியும் கூப்பிட்டிருக்கலாம்; போய்ப் பார்க்காமல் தெரியாது. ஓய்வு பெற்று, வீட்டோடு கிடக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பிறகும் அந்தக் கால்கள் மாறவில்லை. பக்கத்து வீட்டு வாசல் மணிக்குக்கூட எழுந்துவிடுவாள்.

இந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

இப்போது அவள் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்புகிறார் என்று தெரிந்தாலே கடைக்காரர்கள் எடையில் ஏமாற்றத் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிவைத்ததைப் பிய்த்து எறிவார்களாம். எந்தக் கடையிலும் ஒரு வாய் டீ குடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவரைப் பக்கவாதம் வலப்பக்கமாக அடித்துப் போட்டுவிட்டது. பேச்சும் போயிற்று. தொண்டையிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதுவே ஆமாம், அதுவே இல்லை, அதுவே கோபம்.

இடது கை நன்றாக இருந்ததால் மருமகள் ஒரு டேப்லெட்டில் படப்பலகை ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். தண்ணீர், வலி, கழிப்பறை, திருப்பு, வெளிச்சம், ஆமாம், இல்லை என்று கட்டம் கட்டமாகப் படங்கள். எதைத் தொட்டாலும் ஒரு குரல் அதைச் சொல்லும். குரல் மட்டும் பள்ளிக்கூடப் பெண்ணுடையது. ஊரையே நடுங்க வைத்த மனிதர் கொஞ்சு குரலில் "எனக்கு முதுகு அரிக்கிறது" என்று சொல்வதைக் கேட்டு முதல் வாரம் அவள் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். பிறகு பழகிவிட்டது. அந்தக் குரலே அவர் குரல் என்றாகிவிட்டது.

"இதுல வேற எதுவும் போட வேண்டாம்க்கா. இது மாமாவோட வாய்" என்று, இவள் வேலைக்கு வந்த அன்றே மருமகள் சொல்லியிருந்தாள். அவளும் தலையாட்டினாள்.

மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். பெரியவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார். அவள் போனோ பேச மட்டுமே ஆகும். ஒரு வாரமாக அவள் வீட்டில் உறவுக்காரர்கள் வந்திருந்ததால் டிவி சீரியல் தவறிப்போயிருந்தது. சின்ன மருமகளுக்கு விஷம் வைத்த இடத்தில் நிற்கிறது கதை. பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மதியம் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டேப்லெட்டின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, இலவசமாகக் காட்டுகிறோம் என்று சொன்ன ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

படம் ஓடுவதற்கு முன்னால் அது ஒன்று கேட்டது. நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய 'அனுமதி' என்பதை அழுத்தவும். தான் ரோபோ இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அழுத்தினாள். சின்ன மருமகள் பிழைத்துக்கொண்டாள். டேப்லெட்டைத் துடைத்து, சத்தத்தைப் பழையபடி கூட்டி, படப்பலகையைத் திரும்பத் திறந்து, இருந்த இடத்தில் வைத்தாள். துடைத்தால் போகிற அழுக்கு என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் முதல் அது மணி அடிக்கத் தொடங்கியது. குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். உங்கள் டேப்லெட்டில் வைரஸ் உள்ளது, உடனே சுத்தம் செய்யவும் என்று சிவப்பு எழுத்து. வாழ்நாள் முழுக்கச் சுத்தம் செய்தே சம்பாதித்தவளிடம் இதைச் சொன்னால் என்ன செய்வாள்? அழுத்தினாள். ஏதோ இறங்கியது. கையில் விளக்குமாறு வைத்திருக்கும் பொம்மை ஒன்று திரையின் மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் இன்னொரு மணி. பேட்டரி பழுதாகப் போகிறதாம். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு மணிக்கும் ஓடி வந்து கேட்டதை எல்லாம் அழுத்தினாள். வார்டில் ஒரு மணிக்குப் பதில் சொன்னால் அது நிற்கும். இங்கே பதில் சொல்லச் சொல்லக் கூடியது.

பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். உங்கள் பகுதியில் தனிமையில் வாடும் பெண்கள் பேசக் காத்திருக்கிறார்கள் என்று, உடுத்தியும் உடுத்தாமலும். மூடுவதற்காக மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டால், அதுவும் கதவாக இருந்து இன்னொரு பெண்ணைத் திறந்துவிட்டது. எத்தனையோ பேரின் உடம்பைக் குளிப்பாட்டியவள், ஒரு படத்தைப் பார்த்துக் காது மடல் சூடேற நின்றாள். மகன் வரும் நேரமாகிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் டேப்லெட்டின் மேல் கைத்துண்டைப் போட்டு மூடினாள்.

மகன் தினமும் வந்ததும் உடை மாற்றாமல்கூட அப்பாவின் அருகில் சிறிது நேரம் உட்காருவான். அன்றும் உட்கார்ந்தான். அவனே துண்டை எடுத்துவிட்டு டேப்லெட்டை அப்பாவின் இடது கைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். பெரியவர் விரலை மெல்லத் தூக்கித் தண்ணீர்ப் படத்தை நோக்கிக் கொண்டுபோனார். அந்தக் கை ஓர் இடத்துக்குப் போய்ச் சேர நேரமெடுக்கும். விரல் கீழே இறங்குகிற கணத்தில் மணி அடித்தது, தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு பெண் வந்து நின்றாள், விரல் அவள் மேல் பட்டது. திரை முழுக்க விரிந்தாள்.

மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. டேப்லெட்டை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். அதே ரகத்தில் வரிசையாக வந்துகொண்டே இருந்தது. வாசலில் மருமகள் நின்றிருந்தாள்.

"என்னப்பா இது" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவளிடம், "அக்கா, இவர் எப்பலேர்ந்து இதெல்லாம் பார்க்கிறார்? உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவர் அவளைப் பார்த்தார். "ம்" என்றார்.

"நான் கவனிக்கலைங்க சார்" என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து சிறுநீர்ப் பையைச் சரிபார்த்தாள். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. சற்று முன்புதான் காலி செய்திருந்தாள். அவர் கண் தன் முதுகில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மகன் டேப்லெட்டை மாடிக்கு எடுத்துப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

அடுத்த நாள் மதியம் தன் மகளுக்குப் போன் போட்டாள். மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், இந்த விஷயமெல்லாம் தெரிந்தவள். இங்கே ஒருத்தருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தாள்.

"ஒருத்தருக்கா, உனக்கா?" என்றாள் மகள்.

"எனக்குத்தான்னு வச்சுக்கயேன்."

"அனுமதின்னு ஒண்ணு வந்திருக்குமே. அழுத்துனியா?"

"கேட்டுச்சு. அழுத்துனேன்."

"ரோட்டுல போறவன் உள்ள வரட்டுமான்னு கேட்டா சரின்னு சொல்லுவியாம்மா? அவன் வந்து உட்கார்ந்துட்டு மத்தவனை எல்லாம் கூப்பிடுறான். அவ்வளவுதான் விஷயம். வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. செட்டிங்ஸ்ல போய் அந்த அனுமதியை எடுத்துட்டு, இறங்கினதைத் தூக்கிட்டா போயிடும்."

நிமிஷ வேலை. ஆனால் டேப்லெட் மாடி அலமாரியில் இருந்தது, சாவி மகனிடம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார்கள்.

அந்த வீட்டில் அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மகன் சாயங்காலம் அறை வாசலில் நின்று "சாப்பிட்டாரா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனான், உட்காரவில்லை. மருமகள் பெரியவருக்குத் தானே கொண்டுவந்து கொடுக்கும் காபியை அறை வாசல் மேஜையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். பெரியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இனி அவரிடம் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் இருந்தார்கள்.

அவளிடம் மட்டும் மரியாதை கூடியிருந்தது. பாவம், இந்த வயசில் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று மருமகள் தனியாக அழைத்து வருத்தம் தெரிவித்தாள். அந்த வருத்தத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். 

படப்பலகை இல்லாமல் பெரியவர் "ம்" என்பார். தண்ணீரா என்பாள். "ம்." வலிக்கிறதா என்பாள். அதற்கும் "ம்." கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம், இருமுறை மூடினால் இல்லை என்று வார்டில் செய்வதுபோல் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடவே இல்லை, திறந்தபடி அவளையே பார்த்தார். ஒரு மதியம் "ம், ம்" என்று தொடர்ந்து சொன்னார். ஜன்னலைச் சாத்தினாள், விசிறியைக் கூட்டினாள், தலையணையை மாற்றினாள். அவர் கேட்டது பெட்பேன். சிறுநீருக்குத்தான் குழாய் இருந்தது, மற்றதற்கு இல்லை. அவளுக்குப் புரிந்தபோது நேரம் கடந்திருந்தது. சுத்தம் செய்வது அவளுக்குப் பெரிய காரியமல்ல, ஆயிரம் தடவை செய்திருக்கிறாள். ஆனால் அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒருதடவைகூடக் கேட்காமல் படுக்கையில் போனதில்லை. துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுங்கள் ஐயா, உடம்பைத் திருப்ப வேண்டும் என்றாள். எடுக்கவில்லை.

மறுநாள் காலை, மகனும் மருமகளும் கிளம்பும் நேரம், சாப்பாட்டு மேஜையருகே போய் நின்றாள். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம் என ராத்திரி யோசித்து வைத்திருந்தாள். நின்றதும் அது வரவில்லை.

"டேப்லெட்டுல அந்தக் கண்றாவியை எல்லாம் வரவச்சது நான்தான். ஐயா இல்ல."

மகன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"சீரியல் பார்க்கிறதுக்குத் திறந்தேன். என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னுட்டேன்."

"நான்தான் சொல்லியிருந்தேனேக்கா, அது அவர் வாய்னு" என்றாள் மருமகள்.

"சொன்னீங்கம்மா."

"அன்னைக்குக் கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றான் மகன்.

"சொல்லியிருக்கலாம்." இதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாதிக் காயத்தைத் துடைத்துவிட்டுக் கட்டுப் போடுகிறவள் இல்லை அவள். "அவரால திருப்பிச் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுதான் சார் பேசாம இருந்தேன்."

 மகன் மாடிக்குப் போய் டேப்லெட்டைக் கொண்டுவந்தான். தன் மகள் சொன்னதை அவள் சொல்லச் சொல்ல அவன் செட்டிங்ஸில் தேடினான். அனுமதி பெற்ற பக்கங்கள் என்று ஒரு கூட்டமே அங்கே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தடுத்தான். விளக்குமாற்றுப் பொம்மையை நீக்கினான். மணி நின்றது. இவ்வளவுதானா என்றாள் மருமகள், அவனைப் பார்த்து.  அவனும் அன்றே செட்டிங்ஸைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமலே நம்பிவிட்டான்.

அப்பாவின் அறைக்குள் போனான். அவள் வெளியிலேயே நின்றாள்.  உள்ளே ஜன்னல் திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது, விலக்குவதும் இழுப்பதுமாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் அவளைத் தாண்டிப் போனான்.

மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இனி நீங்க இருக்கிறதா வேண்டாமான்னு நாங்க சொல்றது சரியில்லக்கா. மாமாவையே கேளுங்க. அவர் எது அழுத்துறாரோ அதுதான்."

வீடு காலியானதும் அவள் கட்டிலருகே போனாள். டேப்லெட்டை அவர் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஐயா, சொல்லிட்டேன். லேட்டாத்தான் சொன்னேன். நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

விரல் எழுந்தது, நேரமெடுத்துக்கொண்டது, இறங்கியது.

"எனக்கு வலிக்கிறது" என்றது பள்ளிக்கூடப் பெண்ணின் குரல்.

பழக்கத்தில் உடனே குனிந்தாள். தலையா? இல்லை. தோளா? இல்லை. இடுப்பில் அழுத்துகிறதா? இல்லை. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், சிவப்பே இல்லை. வயிறா? இல்லை. இல்லை, இல்லை என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கேட்பதை நிறுத்தினாள்.

விரல் மறுபடி எழுந்தது. "என்னைத் திருப்பிப் படுக்க வையுங்கள்."

வழக்கமாக அந்நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அதற்காகக் கையைக் கொடுத்தபோது "ம்" என்று தடுத்தார். சுவர்ப் பக்கம் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள், முழங்கால்களுக்கு நடுவே ஒன்று வைத்தாள், செத்த கையை மடங்காமல் நீட்டினாள். பிறகு பைக்குள் தன் மாற்றுப் புடவையையும் சீப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, அறை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். போகச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டாள். ஆனால் மாற்று ஆள் வராமல் நோயாளியை விட்டுப் போக முடியாது.

படுக்கையில் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். யார் கோபத்தில் இருந்தாலும் தோல் அதற்காகக் காத்திருக்காது. நேரம் வந்தது. எழுந்து போய், ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, இந்தப் பக்கம் திருப்பினாள். அவர் முகம் அவளுக்கு நேரே வந்தது. தடுக்கவில்லை. விரல் எழுந்தது.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்."

கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவரை நிமிர்த்திச் சாய்த்து, மோவாயைச் சற்றே கீழே இறக்கி, சின்னக் கரண்டியால் கொடுத்தாள். அவர் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்க முடியாது. பக்கவாதக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது, விழுங்கினாரா என்று ஒவ்வொரு கரண்டிக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும்.