பரிசோதனைக்குக் கருப்பனார் கொடுத்த உத்தரவு

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். கர்ப்பப்பை வாய் என்று எழுதவே கை கூசியது. கருப்பனாரைக் கும்பிட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

புதுச்சத்திரம் பக்கம் நடந்த முகாமில் எனக்கு அந்த இடத்தில் சோதனை செய்தார்கள். சில நாளில் நர்சம்மா கூப்பிட்டார்.

"செல்லுல மாத்தம் தெரியுதுங்கக்கா. புத்துநோயின்னு அர்த்தமில்லீங்க. கண்டுக்காம உட்டா பின்னால ஆயிரலாம். நாமக்கல் போயி லென்சு வெச்சுப் பாத்துட்டு வந்துருங்க."

என் மாமியார் ஒப்பவில்லை. "கருப்பனாரு உத்தரவு இல்லாம எவளும் அங்க கை வெக்கப்படாது" என்றுவிட்டார். வீட்டில் நேர்ந்துவிட்ட கிடாய் நின்றது. தீர்த்தம் தெளித்ததும் அது உடம்பை உதறினால் சாமிக்குச் சம்மதம்; அதை வெட்டிவிட்டு நான் போகலாம். உதறாவிட்டால் நான் போகக் கூடாது.

கோயிலில் பூசாரி தெளித்தார். கிடாய் தன் கழுத்து மாலையைத் தின்றது. மறுபடி தெளித்தார். அது என் வீட்டுக்காரரின் துண்டைத் தின்றது.

இது இப்படியே நின்றால் உள்ளே இருப்பது என்ன ஆவது?

"ஏனுங்க பூசாரி, நல்லாத்தான் ஊத்துங்களே!" என்றேன்.

அவர் குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார். கிடாய் நைசாக நகர்ந்துகொண்டது. அத்தனை தண்ணீரும் என் தலையில். தை மாதக் காலைக் குளிர் வேறு. உச்சி முதல் பாதம் வரை உதறினேன். என் தலைப்பூ பறந்து பூசாரி மீசையில் ஒட்டியது.

"உத்தரவு கெடச்சுப்போச்சு சாமி!" மாமியார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"உதறுனது இவளாச்சே. அப்ப இவளையா வெட்டறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கெடாய் ஊட்டுக்குப் போவட்டும், அம்மிணி ஆசுபத்திரிக்குப் போவட்டும்" என்றார் பூசாரி. "எனக்கு மூஞ்சி தொடைக்க ஒரு துணி குடுங்க."

மறுநாளே போனோம். டாக்டரம்மா மருந்து தடவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகக்கூடியது என்று முடிவு வந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அந்த இடத்தை எடுத்துவிட்டார். அன்றே வீடு வந்தேன். சொன்ன தவணைக்கெல்லாம் இன்றும் சோதனைக்குப் போகிறேன். மாமியார்தான் துணை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவருக்கு.

ஆனால் ஊரில் கதை மாறிவிட்டது. தீர்த்தம் பட்டதும் எனக்கு நோய் ஓடிவிட்டதாம். முடிவு சரியில்லாமல் வந்த ஒருத்தி, "எனக்கும் தீர்த்தமே போதுங்க" என்று நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாளாம். அதைக் கேட்ட பிறகுதான் கூச்சத்தை விட்டேன். போ என்று நனைத்தது கருப்பனார். கெட்டதை எடுத்தது டாக்டரம்மா. யாருக்குச் சொன்னாலும் இதை இப்படியே சொல்லுங்கள் தாயி, ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.